ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

திருப்பூரில் அக்கா வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன செக்கிங் யூனிட் நடக்கிறது. தைத்து வரும் பனியன்களில் பிசிறு வெட்டி, கறை பார்த்து, மடித்துக் கொடுக்கும் வேலை. மாடியில் வீடு. கம்ப்யூட்டர் இருப்பது மாடி ஹாலில், சமையலறை வாசலுக்கு நேர் எதிரே. மானிட்டர் மேசை மேல், சிபியு தரையில். இடத்தை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

2023 டிசம்பரில் அரையாண்டு லீவுக்குப் போயிருந்தபோது பன்னிரண்டாவது படிக்கும் மருமகன் என்னைப் பிடித்துக்கொண்டான். "மாமா, கேம் போட்டா பத்து நிமிஷத்துல தானா ஆஃப் ஆயிடுது. உடனே ஆன் பண்ணாலும் வர்றதில்ல. கொஞ்ச நேரம் விட்டா வருது." எப்போதிலிருந்து என்று கேட்டேன். யோசித்தான். அக்கா சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள்: "ஆயுத பூஜையில இருந்துதான் தம்பி. அதுக்கு முன்னாடி சத்தம் போடும், ஆனா நிக்காது."

இந்த ஒரு வரியை நான் அன்றைக்கே சரியாகக் காதில் வாங்கியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். வாங்கவில்லை. தூசிதான் காரணம் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

பூஜைக்கு முன் நடந்தது

ஆயுத பூஜை என்றால் திருப்பூரில் மெஷின்களுக்கெல்லாம் குளியல். கீழே தையல் மெஷினில் ஆரம்பித்து மாமாவின் (அக்கா கணவர்) பைக் வரை துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். அந்த வருஷம் கம்ப்யூட்டரை மருமகன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறான். என்ன செய்தான் என்று திட்டாமல் கேட்டேன். திட்டினால் பாதிதான் வெளியே வரும்.

சிபியுவின் பக்கக் கதவைக் கழற்றி, கீழே மெஷின்களில் பஞ்சு ஊதும் ப்ளோயரைக் கொண்டுவந்து முழு வேகத்தில் ஊதியிருக்கிறான். ஃபேன்கள் விர்ரென்று சுற்றியது பார்க்க நன்றாக இருந்ததாம், கொஞ்சம் கூடுதலாகவே ஊதினானாம். ப்ராசஸர் மேலிருக்கும் ஃபேனின் இடுக்கில் பஞ்சு போகாததால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்திருக்கிறான். கீபோர்டுக்கு, கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த சானிடைசர். மானிட்டருக்குக் கண்ணாடி துடைக்கும் நீல ஸ்ப்ரேயும் பழைய செய்தித்தாளும். கடைசியில் மவுஸ், கீபோர்டு, சிபியு நெற்றி எல்லாவற்றுக்கும் பொட்டு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விளைவு இருந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாள்

இயந்திரம் 2016-ல் வாங்கியது. ஐ3-6100 ப்ராசஸர், கூடவே வந்த இன்டெல் கூலர், 8 ஜிபி ராம், சாதாரண எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி). கை வைப்பதற்கு முன் ஒரு வேலை மட்டும் சரியாகச் செய்தேன்: வெப்பத்தைக் குறித்துக்கொண்டேன். பயாஸில் (ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங்ஸ்) ஹார்ட்வேர் மானிட்டர் பக்கம் போனால் ப்ராசஸர் வெப்பம் தெரியும். எந்த வேலையும் கொடுக்காமலே 71 டிகிரி காட்டியது. அறை வெப்பம் 27. இந்த ப்ராசஸர்கள் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் ஏறினால் எரிந்து போகாமலிருக்கத் தாங்களே அணைந்துவிடும். மருமகன் சொன்ன அறிகுறி அச்சாக அதுதான்.

அடுத்து கரண்ட். சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள்தான் அதிகம். அது போதாது. நம் வீடுகள் பலவற்றில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒரு யுபிஎஸ் உட்கார்ந்திருக்கும். சுவரில் சுவிட்சை அணைத்தால் "கரண்ட் போய்விட்டது" என்று நினைத்து அது பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பிக்கும். பழைய வயரிங்கில் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டுவைத்த வீடுகளும் உண்டு. அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் உள்ளே கரண்ட் இருக்கும். அதனால் சிபியுவின் பின்னால் செருகியிருக்கும் பவர் கேபிளையே உருவ வேண்டும். உருவிய பிறகு பவர் பட்டனைப் பத்து பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்தால் மதர்போர்டில் தங்கிய கொஞ்சநஞ்சமும் இறங்கும்.

எஸ்எம்பிஎஸ் பெட்டி மட்டும் தனிக் கதை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் உள்ளே நேர்மின்சாரமாகும்போது 325 வோல்ட்டை ஒட்டி ஏறிப் கரண்டைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் நிற்கிறது. கேபிளை உருவிய பிறகும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்பக் கூடாது. பட்டனை அழுத்திவிட்டேனே என்ற தைரியமும் கூடாது. அதன் காற்றுத் துளைகள் வழியாகப் பார்த்தபோது உள்ளே இரண்டு பல்லி முட்டை ஓடுகள் தெரிந்தன. கதகதப்பான இடம், பல்லிக்கு வேறென்ன வேண்டும். எடுத்துவிடக் கை பரபரத்தது. எடுக்கவில்லை. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதே என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட கோடு. கம்பி விட்டுக் கிண்டுவதும் திறப்பதில்தான் சேர்த்தி. வெளியிலிருந்து ஊதினால் வருவது வரட்டும். பாதி ஓடு வந்தது, மீதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

சிபியுவை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம். அக்காவுக்கு வீசிங் உண்டு. வீட்டுக்குள் ஊதினால் அந்தத் தூசி அவளைத்தான் தேடும். முகத்தில் மாஸ்க், காற்று முதுகுப் பக்கம்.

கதவைத் திறந்ததும் பார்த்ததை மறக்க முடியாது. ப்ராசஸர் ஃபேனைக் கழற்றினால், அடியில் ஹீட்சிங்க் (ப்ராசஸரின் சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகக் கட்டி) மேல் கம்பளி மாதிரி ஒரு மெத்தை. விளிம்பைப் பிரித்தால் அடுக்கடுக்காக நிறம்: வெள்ளை, கருநீலம், மறுபடி வெள்ளை, மெல்லிசாகச் சிவப்பு. கீழ் யூனிட்டில் எந்த மாதம் எந்தக் கலர் ஆர்டர் ஓடியது என்று மாமா அதைப் பார்த்தே சொன்னார். "சிவப்பு போன கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளை." மரத்தில் வளையம் எண்ணுவது போல.

வெறும் பஞ்சாக இருந்தால் ஒரே ஊதில் போயிருக்கும். இது போகவில்லை, காரணம் எதிரே இருந்த சமையலறை. தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாம் சேர்ந்து பஞ்சின் மேல் பிசுக்காகப் படிந்து ஒட்ட வைத்துவிடுகிறது. ஊதச் சொல்லும் வீடியோக்கள் எல்லாம் காய்ந்த தூசிக்கு எடுத்தவை. நம் வீட்டுத் தூசி தாளித்த தூசி. முதலில் பிரஷ், பிறகு காற்று என்று போனால்தான் ஆகும்.

பெயின்ட் கடையில் வாங்கிய ஒன்றரை இஞ்ச் மிருக முடி பிரஷை எடுத்துக்கொண்டேன். நைலான் முடி தேய்க்கத் தேய்க்க ஸ்டேடிக் கரண்டை உண்டாக்கும். நம் உடம்பில் ஏறும் ஸ்டேடிக் சுமார் 3000 வோல்ட் வந்தால்தான் சுருக்கென்று நமக்கே தெரியும், சில சிப்புகளுக்கு நூறு வோல்ட்டே அதிகம். நம் ஊர் ஈரக் காற்றில் இந்த ஆபத்து குளிர் நாடுகளை விடக் குறைவு. ஆனாலும் அவ்வப்போது கேபினெட்டின் பெயின்ட் அடிக்காத இரும்பைத் தொட்டுக்கொள்வதில் நமக்கென்ன நஷ்டம்.

ப்ளோயர் அதேதான், கையாள்வதுதான் வேறு. வேகம் குறைவு, மூக்கு ஒரு சாண் தள்ளி, ஊதும்போது ஒவ்வொரு ஃபேனின் இறகையும் ஐஸ்கிரீம் குச்சியால் நிறுத்திப் பிடிக்க வேண்டும். சுற்றவிட்டால் ஃபேன் டைனமோவாக மாறி மதர்போர்டுக்குத் திருப்பிக் கரண்ட் அனுப்பும். அளவுக்கு மீறிய வேகத்தில் பேரிங்கும் தேயும். பின்பக்க ஃபேன் கரகரத்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதைக் கடைசியில் மாற்ற வேண்டியதாயிற்று. நடுவில் மாமா, "பஞ்சர் கடையில காத்து அடிச்சிட்டு வந்துரலாமே" என்றார். பலர் செய்கிறார்கள். அந்த டேங்கில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்திருக்கும், அழுத்தமும் அதிகம். ஈரத்தைச் சிப்புகளின் அடியில் தள்ளிவிட வேறு வழியே வேண்டாம். வேண்டாம் மாமா என்று தடுத்துவிட்டேன். வீட்டு வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கும் ஸ்டேடிக் சேர்க்கும், போர்டுக்குப் பக்கத்தில் அதையும் கொண்டுபோவதில்லை.

ராம் கார்டைக் கழற்றி அதன் தங்கப் பற்களைத் துடைத்தேன். கடைக்காரர்கள் இதற்கு ரப்பர் வைத்துத் தேய்ப்பார்கள். அது வேலை செய்யும்தான், ஆனால் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் துகளும் ஸ்லாட்டுக்குள் போகும். துணியில் நாலு சொட்டு ஐபிஏ போதும். ஐபிஏ என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் கிடைப்பது 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால். போர்டுக்கு அதுதான் சரி, தண்ணீர் கிட்டத்தட்ட இல்லை, சீக்கிரம் பறந்துவிடும். கிருமிக்காகக் கீபோர்டு மேல் துடைக்க 70 சதவீதமே நல்லது, அங்கே தண்ணீர் இருப்பதுதான் கிருமியைக் கொல்ல உதவுகிறது. எதுவானாலும் பூஜை விளக்குப் பக்கமோ கேஸ் அடுப்புப் பக்கமோ திறக்காதீர்கள். 12 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் சரக்கு, நம் ஊரில் எந்த அறையும் அவ்வளவு குளிராக இருப்பதில்லை.

இரவு எட்டு மணிக்கு எல்லாம் பளபளவென்று ஆனது. கேபிள் செருகி ஆன் செய்தால் திரை கருப்பு. விட்டு விட்டு பீப் சத்தம். மருமகன் என் முகத்தைப் பார்த்தான், நான் வேறெங்கோ பார்த்தேன். ராம் ஒரு பக்கம் முழுதாக இறங்கவில்லை. மறுபடி கேபிளை உருவி, இரு முனையும் கிளிக் என்று விழும் வரை அழுத்தினேன். வந்தது.

வந்ததும் இன்னொரு பயம். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல". வைரஸ் வந்துவிட்டது என்றான் மருமகன். மூலையில் தேதியைப் பார்த்தேன்: 2016. மதர்போர்டில் காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி செத்து எவ்வளவு நாளாயிற்றோ. எப்போதும் சுவர்க் கரண்ட் இருந்ததால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அரை நாள் கேபிளை உருவியதும் பழைய காலத்துக்குப் போய்விட்டது. தேதி தப்பினால் வெப்சைட்டின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைக்கும். மறுநாள் காலையில் ஒரு பேட்டரி வாங்கிப் போட்டதோடு அந்த வைரஸ் ஒழிந்தது.

ஆனால் வெப்பம்? 66. இத்தனை கம்பளியை உரித்த பிறகு ஐந்தே டிகிரி. கேம் போட்டான். இருபது நிமிஷத்தில் அணைந்தது.

இரண்டாம் நாள்

அக்கா சொன்ன வரி அன்று இரவுதான் மறுபடி ஞாபகம் வந்தது. தூசி 2016-லிருந்து சேர்ந்தது. தூசிதான் காரணம் என்றால் மெல்ல மெல்ல மோசமாகியிருக்க வேண்டும், குறிப்பிட்ட ஒரு நாளில் தொடங்காது. ஒரு நாளில் தொடங்கியது என்றால் அந்த நாளில் யாரோ எதையோ தொட்டிருக்கிறார்கள்.

காலையில் ஹீட்சிங்கைக் கையால் லேசாக அசைத்துப் பார்த்தேன். ஆடியது. ஆடவே கூடாது. இன்டெல்லின் இந்தக் கூலரை நாலு பிளாஸ்டிக் ஊசிகள்தான் மதர்போர்டோடு பிடித்திருக்கும். நான்கில் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர் நெம்பிய பக்கத்தில் இருந்தது, பாதி மேலே வந்து நின்றது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, அரை சென்டிமீட்டர் கூட இல்லை. அந்த மூலை தூக்கியதால் ஹீட்சிங்க் சாய்ந்து, ப்ராசஸருக்கும் அதற்கும் நடுவே காற்று புகுந்துவிட்டது. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் ஏழு வருஷத்தில் சுண்ணாம்புக் காரை போலக் காய்ந்திருந்ததால், சாய்ந்ததும் விரிசல் விட்டிருக்கிறது.

ஆக, ஏழு வருஷத் தூசியை அந்த இயந்திரம் தாங்கியது. ஒரு சாயங்காலச் சுத்தத்தைத் தாங்கவில்லை.

கழற்றுவதற்கு முன் பத்து நிமிஷம் ஓடவிட்டேன், சூட்டில் பேஸ்ட் இளகும். பிறகு கேபிளை உருவி, ஊசித் தலைகளை அம்புக்குறிப் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்து, ஹீட்சிங்கை நேராகத் தூக்காமல் லேசாகத் திருகி எடுத்தேன். இந்த ப்ராசஸரை ஒரு இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருப்பதால் பெரிய பயமில்லை. ஏஎம்டி கம்பெனி ப்ராசஸர்களின் ஏஎம்4 வகையில் அப்படிச் சட்டம் கிடையாது, அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் வேறு. காய்ந்த பேஸ்டோடு நேராக இழுத்தால் ப்ராசஸரே பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். அந்த வகை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம்.

பழைய பேஸ்டை ஐபிஏ தொட்ட துணியால் இரு பக்கமும் துடைத்து, புதுசு பச்சைப்பயறு அளவுக்கு நடுவில் ஒரு பொட்டு. (மருமகன், "இதுக்கும் பொட்டு வைக்கலாமா மாமா?" என்றான்.) விரலால் பரப்பத் தேவையில்லை, ஹீட்சிங்கின் அழுத்தமே பரப்பிவிடும். ஊசிகளைப் பூட்டும் நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலைகளாக அழுத்தி, நாலு கிளிக் எண்ணினேன். மதர்போர்டின் மறுபக்கத்தில் நாலு முனைகளும் வெளியே வந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். நேற்றே பார்த்திருக்க வேண்டியது.

சும்மா இருக்கும்போது 39. ஒரு மணி நேரம் கேம் ஓடிய பிறகு 62. அணையவில்லை.

மற்றவை

கீபோர்டு. சானிடைசர் ஆல்கஹால்தானே, பறந்துவிடும் என்று பையன் நினைத்தது தப்பில்லை. ஆனால் கை காயாமலிருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையிலேயே 1.45 சதவீதம் உண்டு. அது பறக்காது, விசைக்கடியில் தங்கிப் பஞ்சையும் எறும்பையும் கூப்பிடும். செல்போனில் படம் எடுத்துவிட்டு, தட்டையான பிளாஸ்டிக்கால் விசைகளை நெம்பி எடுத்தோம். ஸ்பேஸ் பார் மட்டும் எடுக்கவில்லை, அதன் அடிக் கம்பியைத் திருப்பி மாட்டுவது எனக்கு என்றுமே சரியாக வந்ததில்லை. உள்ளே ஓமப்பொடி, வெட்டிய நகம், சர்க்கரை எறும்பு, ஒரு ஸ்டேப்ளர் பின். விசைகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்தினோம். வெயிலில் போட்டால் நெளியலாம். நெயில் பாலிஷ் ரிமூவரை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள், அதிலிருக்கும் அசிட்டோன் விசையின் பிளாஸ்டிக்கையே கரைக்கும். இவ்வளவு செய்தும் பேக்ஸ்பேஸ் உயிர் பெறவில்லை. விசைகளுக்கு அடியிலிருக்கும் சவ்வில் கரண்ட் போகும் கோடு அரித்திருந்தது. புதுக் கீபோர்டு வாங்கினோம். கணக்குப் பார்த்தால் அந்தக் கீபோர்டுக்கு இவ்வளவு நேரம் செலவழித்தது வீண்தான்.

மவுஸில் குங்குமம் பட்டன் இடுக்குக்குள் இறங்கியிருந்தது. பல் குத்தும் குச்சி, பிறகு ஐபிஏ தொட்ட காது பட்ஸ். அடியில் லென்ஸ் குழியில் ஒரே ஒரு முடி. கர்சர் தானாக நகர்கிறது என்ற நீண்ட நாள் புகார் அதோடு தீர்ந்தது. ஸ்பீக்கர், வெப்கேம், மோடம் எல்லாம் உலர்ந்த துணியோடு சரி. பிரின்டர் இங்க் டேங்க் வகை என்பதால் சாய்க்காமல் மேல் மட்டும் துடைத்தேன்.

மானிட்டர்தான் வருத்தம். திரையின் மேல் கண் கூசாமலிருக்க ஒரு பூச்சு இருக்கும். அந்த நீல ஸ்ப்ரேயில் அமோனியா, லேபிளிலேயே போட்டிருந்தது. அமோனியா அந்தப் பூச்சுக்கு ஆகாது, செய்தித்தாளின் தேய்ப்பும் சேர்ந்துகொண்டது. வலது கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு மங்கிய திட்டு. துடைத்தால் போகிற அழுக்கில்லை அது, பூச்சே போன இடம். இன்னொரு ஆபத்து மயிரிழையில் தப்பியது: திரை மேல் நேராக அடித்த ஸ்ப்ரே வழிந்து கீழ்ச் சட்டத்துக்குள் போகும். பேனலை இயக்கும் மின்சுற்று பல மானிட்டர்களில் அங்கேதான் இருக்கிறது, நனைந்தால் திரையில் கோடு கோடாக விழும். மானிட்டரை அணைத்து ஆறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியை உலர்ந்தபடியே ஓட்டினால் பெரும்பாலும் போதும். கைரேகைக்கு மட்டும் துணியில் சிறிது டிஸ்டில்டு வாட்டர். அக்கா வீட்டில் இன்வெர்ட்டருக்கு வாங்கிய பேட்டரித் தண்ணீரே இருந்தது, டப்பாவில் மிச்சம் நின்ற சுத்தமான தண்ணீர்தான்; பேட்டரிக்குள்ளிருந்து எடுப்பதல்ல, அது ஆசிட். போர் தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூக்கும்.

கிளம்பும்போது சிபியுவைத் தரையிலிருந்து எடுத்து, சமையலறை வாசலை விட்டுத் தள்ளி, ஒரு மர ஸ்டூல் மேல் வைத்தோம். முன்பக்கக் காற்றுத் துளையில் கொசுவலை ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். அடர்த்தியான துணி போட்டால் காற்றே போகாது.

2024 மே மாதம் மறுபடி போனேன். சும்மா இருக்கும்போது 47, கேமில் 70. வெயில் காலத்துக்குச் சரிதான். வலையில் மஞ்சள் பஞ்சு படிந்திருந்தது. யாருக்கோ மஞ்சள் ஆர்டர் போலிருக்கிறது. மருமகன் அதைக் கழற்றி, வெளியே தட்டிவிட்டு, மறுபடி ஒட்டினான். மானிட்டர் மூலையில் அந்தத் திட்டு அப்படியே இருக்கிறது, வெள்ளைப் பக்கம் திறந்தால் தெரியும். அக்கா அதன் மேல் ஒரு சின்னப் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள்.